“இன்னொருக்கா” கேட்டாலும் தாங்கும் வித்தைகள்

வீட்டில் கிடக்கும் சாமான்களை வைத்துச் சின்னச் சின்ன மேஜிக் பழக ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகின்றன. இதுவரை கைக்கு வந்ததை எழுதி வைக்கிறேன், ஹட்டன் பக்கத்துக் குளிரிலும் ஈரத்திலும் எது சரிவருகிறது என்பதையும் சேர்த்து. பார்க்க வருகிறவர்கள் அக்காவின் பிள்ளைகளும் தோட்ட லயத்துப் பொடிசுகளும்தான். ஒரு வித்தை முடிந்ததும் கைதட்டுக்கு முன்னால் அவர்களிடமிருந்து வருவது “இன்னொருக்கா செய்ங்க மாமா”. அதனால் எந்த வித்தையையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: உடனே திரும்பச் செய்தால் தாங்குமா?

முதலில் எடுத்தது மிளகுத்தூள். தட்டில் தண்ணீர் ஊற்றி மேலே தூளைத் தூவி, விரல் நுனியில் கொஞ்சம் சவர்க்காரம் தடவிக்கொண்டு நடுவில் தொட்டால் தூள் எல்லாம் விளிம்புக்கு ஓடும். தொட்ட இடத்தில் நீரின் பரப்பு இழுவிசை குறைந்துவிடுகிறது, சுற்றியுள்ள நீர் தன் பக்கம் இழுக்க, தூளும் கூடவே போகிறது. பார்க்க மிக அழகு. ஆனால் அதே தண்ணீரில் மறுபடி நடக்காது, தட்டை நன்றாகக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குள் பிள்ளைகள் விளையாடப் போய்விடுகிறார்கள்.

கண்ணாடிக் கிளாஸ் வித்தை இன்னும் நல்லது. மேசையில் ஒரு காசு, அதன் மேல் வெறும் கிளாஸ், பக்கவாட்டில் பார்த்தால் காசு நன்றாகத் தெரியும். இனி தண்ணீரை ஊற்றி, வாயை ஒரு சோசரால் மூட வேண்டும், ஏனென்றால் மேலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். நீர் ஏற ஏறக் காசு மறைந்துபோகிறது. காசுக்கும் கிளாஸின் அடிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய காற்றுப் படைதான் காரணம். அதைத் தாண்டி நீருக்குள் வரும் ஒளி, பக்கச் சுவரில் பட்டு முழுதாக உள்ளேயே திரும்பிவிடுவதால் நம் கண்ணுக்கு வந்து சேர்வதில்லை. இங்கேதான் நம் ஊர் ஈரம் குறுக்கே வருகிறது. கழுவிக் கவிழ்த்த கிளாஸின் அடியில் ஈரம் தங்கியிருந்தால் அந்தக் காற்றுப் படை நிரம்பிக் காசு பளிச்சென்று தெரியும். ஆகவே மழை மாதங்களில் அடியையும் காசையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவது. திரும்பச் செய்தாலும் தாங்கும், ஆனால் பெரிய பிள்ளைகள் குனிந்தும் எட்டியும் பார்க்க ஆரம்பித்தால் முடிந்தது.

தண்ணீர் நிறைந்த கிளாஸைக் கடதாசி மட்டையால் மூடிக் கவிழ்த்தாலும் தண்ணீர் கொட்டாது, கீழிருந்து காற்று மட்டையை அழுத்தித் தாங்குகிறது. இந்த வித்தையைப் பற்றி அக்கா மகன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான்: “மேல போகப் போகக் காத்து குறையுமே, நுவரெலியாவுல இது நடக்குமா மாமா?” தாராளமாக நடக்கும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீரைத் தாங்கும், 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் 8 மீட்டர் மிச்சம், நம் கிளாஸ் ஒரு சாண்கூட இல்லை.

அப்புறம் கைவேலை. காசை இடது கையில் விரல் நுனிகளால் பிடித்து, வலது கை எடுப்பதுபோல் மூடும் நொடியில் அதை இடது உள்ளங்கைக்கே விழவிடுவது, பிரெஞ்ச் ட்ராப் என்பார்கள். 2009 இல் வந்த பதினொரு பக்கப் பத்து ரூபாக் குற்றியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன், அதன் மூலைகள் விரல் மடிப்பில் நன்றாகப் பிடிபடுகின்றன, குளிரில் விறைத்த கையிலும் வழுக்குவதில்லை. பழகும் முறை இதுதான்: முதலில் காசை உண்மையாகவே எடுக்க வேண்டும், பல தடவை, அப்போது தோளும் கண்ணும் என்ன செய்கின்றன என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். பிறகு எடுக்காமல் அதையே செய்ய வேண்டும். கண் வெறும் கையோடு போனால் பார்ப்பவரின் கண்ணும் போகும். ஆனால் உடனே திரும்பச் செய்தால் எல்லோரும் மற்றக் கையைத்தான் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு தரம், அவ்வளவுதான்.

நெருப்புப்பெட்டி வித்தைக்கு நம் மலைநாடே துணை. மூன்று பெட்டிகளும் காலி, ஆனால் பாதி நிறைந்த இன்னொரு பெட்டி வலது முன்கையில் ரப்பர் பட்டியோடு, ஸ்வெட்டர் கைக்குள். வலது கையால் எந்தப் பெட்டியை ஆட்டினாலும் குச்சிச் சத்தம், இடது கையால் ஆட்டினால் சத்தமே இல்லை. குச்சி உள்ள பெட்டி எங்கே என்று கேட்டால் எப்போதும் தவறாகத்தான் காட்டுவார்கள். கொழும்பு வெக்கையில் முழுக்கை போட்டிருந்தால் சந்தேகம் வரும், இங்கே ஸ்வெட்டர் இல்லாதவரைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும். கைக்குள் வைக்கும் குச்சிகளின் தலையை ஒடித்துவிடுங்கள், பாதுகாப்புக்கு.

என் மனதுக்கு மிகப் பிடித்தது கப் வித்தைதான். கழுவிய யோகட் கப் மூன்று, பழைய ஸ்வெட்டர் நூலில் உருட்டிய பந்து நான்கு. நூல் பந்து விழுந்தாலும் சத்தம் வராது. நான்காவது பந்து யாருக்கும் தெரியாமல் அடுக்கின் நடுக் கப்புக்குள் இருக்கும். அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக உருவி மேசையில் கவிழ்க்க வேண்டும், நடுவில் நிற்பது பந்துள்ள கப். அதைக் கவிழ்க்கும்போது கை வளைந்து ஒரே வீச்சில் இறங்கினால் பந்து கப்போடு ஒட்டியே வரும், தயங்கினால் வெளியே உருளும். மூன்று கப்பும் ஒரே வேகத்தில் போக வேண்டும், அதில்தான் எனக்கு அதிக நாள் போனது. நடுக் கப்பின் முதுகில் ஒரு பந்தை வைத்து, மற்ற இரண்டையும் அதன்மேல் கவிழ்த்துத் தட்டித் தூக்கினால், பந்து கப்பைத் துளைத்துக்கொண்டு கீழே வந்தது போலிருக்கும். அடுக்கை நிமிர்த்தும்போது முதுகில் வைத்த பந்து தானாகவே நடுக் கப்புக்குள் வந்துவிடுகிறது! அதாவது அடுத்த தடவைக்கு வித்தை தானே தயாராகிவிட்டது. “இன்னொருக்கா” என்று கேட்கும்போதே செய்யலாம், கீழே வந்த பந்தின் மேலேயே நடுக் கப்பைக் கவிழ்த்தால் இப்போது கீழே இரண்டு பந்து, பிறகு மூன்று.

இந்தக் கிண்ண வித்தை மிகப் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமின் தத்துவஞானி செனெக்கா இதைப் பற்றி எழுதும்போது, எப்படி என்று புரிந்துவிட்டால் தனக்குச் சுவாரசியம் போய்விடும் என்கிறார். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அக்கா மகளுக்கு இரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் இப்போது இஸ்தோப்பில் உட்கார்ந்து கப்பைக் கவிழ்ப்பதும் எடுப்பதுமாகவே இருக்கிறாள், நான் செய்யும்போது முன்னைவிட உன்னிப்பாகப் பார்க்கிறாள், “நடுக் கப்பு கொஞ்சம் வேகமாப் போச்சு மாமா” என்று திருத்தவும் செய்கிறாள்.

அடுத்தது நூலை வெட்டி மறுபடி ஒன்றாக்குவது. தையல் நூல் மெல்லிசு, மாலை வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குத் தெரியாது, ஆகவே தடித்த சணல் கயிற்றில் பழகுகிறேன். தீபாவளிக்கு எல்லோரும் வீட்டுக்கு வரும்போது காட்டலாம் என்று எண்ணம்.