கூட்டத்தின் நடுவே நருடோ

2012ஆம் ஆண்டு சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்திய நாட்களில், தண்டையார்பேட்டை வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து நான் விளையாடி முடித்த வீடியோ ஆட்டம் 'நருடோ ஷிப்பூடென்: அல்டிமேட் நிஞ்சா இம்பாக்ட்'. நருடோ என்ற நிஞ்சா இளைஞனைப் பற்றிய ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரின் கதைதான் இதிலும். பர்மா பஜாரில் பழையதாக வாங்கிய பி.எஸ்.பி. 3000 என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்குச் சென்ற வாரம் மீண்டும் சார்ஜ் ஏற்றினேன். ஆட்டம் இன்றும் என்னை அதேபோல் பிடித்துக்கொண்டது.

சைபர்கனெக்ட்2 நிறுவனம் உருவாக்கி 2011இல் வெளிவந்த இந்த ஆட்டம், கடத்தப்பட்ட நண்பன் காராவை நருடோ மீட்கப் போகும் பயணத்தில் தொடங்கி, ஐந்து காகேக்களின் (நிஞ்சா ஊர்த் தலைவர்களின்) கூட்டம் வரை கதையைக் கொண்டு செல்கிறது. அதே நிறுவனம் பெரிய கன்சோல்களுக்குச் செய்த 'ஸ்டார்ம்' வரிசையில் ஒருவரோடு ஒருவர் மோதுவதே முதன்மையாக இருக்க, இதிலோ எதிரிகள் கும்பல் கும்பலாக வந்து சூழ்ந்துகொள்கிறார்கள். மூலக்கதையில் அகாட்சுகி என்ற வில்லன் கூட்டத்தின் ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதால், இந்தக் கும்பல்கள் கதைக்குப் பொருந்தவில்லை என்று நண்பர்கள் குறைபட்டுக்கொண்டதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பி.எஸ்.பி.யில் கட்டைவிரலால் தள்ளி ஆளை நகர்த்தும் அனலாக் குமிழ் ஒன்றே ஒன்றுதான். கேமராவைத் திருப்ப வலப்பக்கம் இன்னொன்று கிடையாது. 4.3 அங்குலத் திரையில் விலகி விலகி ஓடும் ஒற்றை எதிரியைத் துரத்தினால் பாதி நேரம் அவனைத் தேடுவதிலேயே போய்விடும். சுற்றிலும் கும்பல் நின்றாலோ எந்தப் பக்கம் வீசினாலும் அடி விழும். கருவியின் குறையை அறிந்து அதற்கேற்பச் சண்டையை அமைத்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மேலும், தன்னையே பல உருவங்களாகப் பெருக்கிக்கொள்ளும் வித்தையைக் கைவந்த கலையாகக் கொண்ட நருடோவுக்குக் கூட்டத்தின் நடுவே நிற்பது அந்நியமும் அல்ல.

ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. காராவுக்காக அவன் ஊரைச் சேர்ந்த சியோ பாட்டி தன் உயிரையே கொடுக்கும் இடம், அனிமேயில் என்னைக் கலங்கவைத்த இடம். கும்பலை அடித்துத் தள்ளிய வேகத்தோடு அங்கே வந்து சேரும்போது, அந்த இழப்பு நெஞ்சில் இறங்குவதற்குள் அடுத்த சண்டை வந்துவிடுகிறது.

இந்த முறை ஆட்டத்தைத் திறந்ததும், "ணா, நீ கையே வெக்கல, அவன் பாட்டுக்கு நடக்குறான் பாருணா" என்று தம்பி காட்டினான். நருடோ மெல்ல இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தான். பழுது பார்க்கும் கடையில் கருவியையே மாற்றிவிடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. முகப்பு மூடியைக் கழற்றி, குமிழுக்கு அடியில் மின்தொடர்பு தரும் சிறிய கறுப்பு ரப்பர் துண்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டுத் திரும்பப் பொருத்தினேன். கட்டைவிரலை எடுத்ததும் நருடோ இப்போது நின்ற இடத்திலேயே நிற்கிறான்.