வேலை எங்கே நடக்கிறது என்று கேளுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பெண்களின் வேலையைப் பற்றி ஆய்வு செய்ய வருகிறவர்களுக்குக் கள உதவியாளராகப் பல வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். (2019இல் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன, எங்கள் வீட்டுப் பேச்சில் இன்னமும் எல்லாம் வட ஆற்காடுதான்.) இத்தனை வீடு ஏறி இறங்கியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. ஒரு பெண் தன்னைத் தொழிலாளியாக நினைக்கிறாரா என்பதை வாங்குகிற கூலியைவிட, அந்த வேலையை அவர் எந்த இடத்தில் உட்கார்ந்து செய்கிறார் என்பதுதான் முடிவு செய்கிறது.

காலையில் கூட்ரோட்டில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பெண்களைப் பாருங்கள். கழுத்தில் ஐடி கார்டு, கையில் சாப்பாட்டுப் பை, தலையில் பூ. அவர்களில் பலருடைய அப்பாவும் தாத்தாவும் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை பார்த்தவர்கள். அந்த வேலையோடு சாதியையும் சேர்த்துப் பார்த்து ஒதுக்கிய ஊர் இது. மகள் தொடுவதும் அதே தோலைத்தான், ஆனால் மிஷினில், வரிசையாகப் போட்ட மேஜையில், ஃபேனுக்குக் கீழே. அந்தக் கேட்டுக்குள் போய் வருவதே அந்தக் குடும்பத்துக்கு ஊருக்குள் ஒரு புது முகத்தைக் கொடுக்கிறது. சம்பளம் போதவில்லை என்று திட்டிக்கொண்டேதான் போகிறார்கள், ஆனாலும் ஐடி கார்டை பஸ் ஏறுவதற்கு வெகுநேரம் முன்பே மாட்டிக்கொள்கிறார்கள்.

அதே ஷூவின் அப்பர், அதாவது மேல்பாகம், சாக்குப் பையில் ஏஜென்ட் மூலமாக வீடுகளுக்கும் போகிறது, கையால் தைப்பதற்கு. ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு. வெளிச்சத்துக்காக வாசற்படி ஓரம் உட்கார்ந்து, ஊசி குத்தின விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தைக்கிற அக்காவிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், “வேலைக்குலாம் போகலம்மா, ஊட்லதான் கீறேன்” என்கிறார், மடியில் அப்பரை வைத்துக்கொண்டே. படிவத்தில் ‘இல்லத்தரசி’ என்று விழுந்துவிடுகிறது. காலையில் எழுந்ததிலிருந்து கையில் என்னவெல்லாம் இருந்தது என்று நேரம் நேரமாகக் கேட்டால்தான் தையல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதே வெளியில் வருகிறது.

அவர் அப்படிச் சொல்வதற்குப் பின்னால் ஒரு கௌரவம் இருக்கிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் போன சில முஸ்லிம் வீடுகளிலும், கொஞ்சம் நிலம் வைத்திருந்த பிற வீடுகளிலும், பெண் கம்பெனிக்குப் போனால் கூலிக்காரக் குடும்பம் ஆகிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். வீட்டுக்குள் தைத்தால் அந்தப் பெயர் வராது. நாங்கள் கூலிக்குப் போகிறவர்கள் இல்லை என்கிற அந்த அந்தஸ்துக்கு விலை உண்டு, அதை அந்தப் பெண்தான் குறைந்த ரேட்டில் கட்டுகிறார். ஏஜென்ட்டுக்கு இது நன்றாகவே தெரியும். வெளியே போய் வேறு ரேட் கேட்கமாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் அவர் பேசுகிறார்.

அமெரிக்காவில் வொர்செஸ்டர் என்ற ஊரில் பெண்களின் வேலையை ஆராய்ந்து சூசன் ஹான்சன், ஜெரால்டின் பிராட் என்ற இரண்டு புவியியலாளர்கள் 1995இல் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஏஜென்ட்டும் கூட்ரோட்டு பஸ்ஸும்தான் ஞாபகம் வந்தன. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் பல பெண்கள் பக்கத்திலேயே வேலை தேடுகிறார்கள், முதலாளிகளும் அதைத் தெரிந்துகொண்டுதான் இடம் பார்க்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்தால் போதாது. எந்தத் தெரு வழியாக நடக்க வேண்டும், யார் பார்ப்பார்கள், பஸ் வீட்டுப் பக்கத்தில் வந்து நிற்குமா என்பதெல்லாம் தூரம்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது பெரிய விஷயம், ஆனால் டிக்கெட் காசு மட்டுமே தடையாக இருந்தவர்களுக்குத்தான் அது முழுசாக வழிவிட்டது.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களும் வீட்டில்தான் இருக்கிறார்கள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, திண்ணையில் நாலைந்து பேராக. ஆனால் என்ன வேலை என்று கேட்டால் உடனே பதில் வருகிறது: பீடி. 1966ஆம் வருஷப் பீடித் தொழிலாளர் சட்டம் இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றுகிறவர்களையும் தொழிலாளியாகவே வைத்தது, 1976இல் நல நிதிச் சட்டமும் வந்தது. அடையாள அட்டை, பிள்ளைகளுக்குப் படிப்புத் தொகை என்று கையில் காட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. அட்டை கிடைக்காதவர்கள் நிறைய, ரேட்டும் மோசம், மார்பிலும் முதுகிலும் வலி, அது தனிக் கதை. இருந்தாலும் அந்தத் திண்ணையைச் சட்டம் வேலை செய்கிற இடமாக ஒத்துக்கொண்டது. அப்பர் தைக்கிறவர்களின் வாசற்படிக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்காக 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த உடன்படிக்கையையும் இந்தியா ஏற்கவில்லை.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தவர்கள் கம்பெனியிலிருந்து வீட்டுத் தையலுக்கு வந்தவர்கள். குழந்தை பிறந்ததும் நின்றுவிடுகிறார்கள். 30 பேருக்கு மேல் பெண்கள் வேலை செய்கிற தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று, 1976இல் திருத்திய 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது, ஆனால் கைக்குழந்தையோடு கம்பெனி பஸ்ஸில் எப்படிப் போவது? சரி என்று அப்பர் வாங்கித் தைக்க ஆரம்பிக்கிறார்கள். அதே கை, அதே தோல். அப்படி வந்த ஒருவர் சொன்னார்: “கம்பெனில சூப்பர்வைசர் ஏதாச்சும் பேசினா லைனே சேந்து கேக்கும். இங்க ஏஜென்ட் ரேட்ட கொறச்சா நான் யாராண்ட போய்ச் சொல்றது?”

அதனால்தான் இப்போது என்னைக் கூப்பிடுகிற ஆய்வாளர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தொழில் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், வேலை நடக்கும் இடம் எது, பொருளை யார் கொண்டுவருகிறார், கணக்கு யாருடைய நோட்டில் இருக்கிறது, அதே ஏஜென்ட்டிடம் வாங்கித் தைக்கிற மற்றவர்களைத் தெரியுமா என்பதையும் சேருங்கள் என்று. படிவம் நீளமாகிவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். கடைசிக் கேள்விக்காக மட்டும் நான் விடாமல் வாதாடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் அந்தக் கேள்விக்கு அப்புறம்தான், பக்கத்துத் தெருவில் தைக்கிறவருக்கு என்ன ரேட் என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார்கள்.