கிணற்றுக்குள் பாறை தளர்ந்த நாட்கள்

மே 4, ஞாயிறு

"தோட்டத்துக் கிணற்றை ஆழமாக்குறோம், பாறையப் பாக்க வாம்மா" என்று மாமா போன் செய்ததும் கிளம்பி வந்துவிட்டேன். திருமயம் பக்கத்துக் கிணறு. மேலே பத்தடிக்குச் செம்பாறாங்கல் கட்டு, அதற்குக் கீழே உதிரும் பாறை, அப்புறம் நல்ல கெட்டிப் பாறை. இப்போது ஆழம் 32 அடி. இன்னும் 8 அடி இறக்க வேண்டும். வீடு பக்கத்திலேயே இருப்பதால் வெடி கிடையாது, கம்பரசர் காற்றில் ஓடும் துளைக்கருவிதான்.

ஏணியில் இறங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தேன். இரண்டு வகை வெடிப்புகள் ஓடுகின்றன. ஒன்று ஏறக்குறையப் படுக்கையாக. இன்னொன்று மேற்குச் சுவரில் செங்குத்துக்குச் சற்றுக் குறைவாக, கிணற்றை நோக்கிச் சாய்ந்து இறங்குகிறது. இதுதான் எனக்குப் பயம். இதன் அடிப்பகுதி இன்னும் கிணற்றுத் தரைக்குள் புதைந்திருக்கிறது. தரையை வெட்டினால் அது வெளியே வந்துவிடும்.

மே 5

"இத்தன வருஷமா நிக்கிற சுவரு. நாம அதத் தொடக்கூட இல்ல. ஏம்மா விழப்போவுது?" என்றார் மாமா, சாப்பிட்டுக்கொண்டே.

சித்தாள் அஞ்சாறு செங்கல்லை வரிசையாக வைத்து இரண்டு முனையிலும் கையால் இறுக்கித் தூக்குவதை நினைவுபடுத்தினேன். நடுக்கல்லை யாரும் பிடிக்கவில்லை, பக்கத்து இறுக்கம்தான் பிடித்திருக்கிறது. கை தளர்ந்தால் யாரும் அடிக்காத அந்தக் கல் விழும். நாம் வெட்டி எடுக்கும் தரைப்பாறைதான் இந்தச் சுவருக்கு அந்தக் கை.

1911-இல் தியோடர் வான் கார்மன் என்ற விஞ்ஞானி இத்தாலியின் கராரா சலவைக்கல்லை இப்படித்தான் சோதித்தார். (செட்டிநாட்டு வீடுகளின் தரையில் கிடப்பதும் இத்தாலியச் சலவைக்கல்தானே என்று அத்தை கேட்டார்.) கல் உருளையைச் சுற்றித் திரவத்தால் அழுத்திக்கொண்டே மேலிருந்து நசுக்கினார். சுற்றிலும் அழுத்தம் இல்லாத கல் சட்டென்று உடைந்தது. அழுத்தம் கூடக் கூட அதே கல் அதிக பாரம் தாங்கியது. கடைசியில் நொறுங்காமல் பிதுங்கிப் பருத்தது. முழுக்கல்லுக்கே இப்படியென்றால், ஏற்கெனவே வெடித்துக் கிடக்கும் பாறைக்கு அந்த இறுக்கம்தான் பெரும்பாலும் எல்லாமே.

மே 7, புதன்

இரண்டரை அடி இறங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேற்கு வெடிப்பில் ஆக்சா பிளேடைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. இன்று நாலு விரற்கடை ஆழம் போகிறது. செவ்வாயன்று வெடிப்பின் குறுக்கே நான் ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டு நடுவில் விரிசல் விட்டிருக்கிறது.

மேஸ்திரி கடப்பாரையின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். கிழக்கே 'டங், டங்'. மேற்கே அந்த இடத்தில் 'டொப்'. "உள்ள பிரிஞ்சிருக்கு தாயி" என்றார். கண்ணாடி சொன்னதைத்தான் அவர் காதும் சொன்னது. ஆட்களை மேலே ஏற்றிவிட்டார்.

மே 8

மேற்குச் சுவரின் அந்தப் பாறை ராத்திரி விழுந்துவிட்டது. ஆறடி உயரம், மூணடி அகலம், அரையடி கனம். கணக்குப் போட்டால் 650 கிலோவுக்கு மேல். கீழே விட்டிருந்த மர ஏணி இரண்டாக முறிந்து கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் வரை இரண்டு பேர் அங்கேதான் நின்றார்கள். எனக்குக் கை நடுங்கியது.

விழுந்த பாறையின் முதுகைப் பார்த்தேன். துருப்பிடித்த சிவப்பு, நடுவே வழவழவென்று களிமண் படலம், நூல் மாதிரி காய்ந்த வேர்கள். புது உடைப்பு ஓரத்தில் ஒரு சாண் மட்டும்தான். மற்றதெல்லாம் எப்போதோ பிரிந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் மேடும் பள்ளமும் பல் மாதிரி கோத்திருக்கும். இறுக்கம் இருந்தால் அந்தப் பல் உடைந்தால்தான் கல் நகரும். இறுக்கம் போனால் பல்லின் மேலேறிச் சறுக்கிவிடும். களிமண் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மே 9

மாமாவுக்காகக் கணக்கை எழுதிவைத்தேன். பாறையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.27 கிலோ பாரம். 40 அடியில் மூணேகால் கிலோ. நல்ல கிரானைட் 1,000 கிலோவுக்கு மேலேயே தாங்கும். ஆக, நம் கிணற்றில் கல் நசுங்கவே இல்லை. வெடிப்பு வழியே நழுவுகிறது, அவ்வளவுதான்.

கோலார் தங்கச் சுரங்கம் வேறு கதை. அது 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே மேல்பாரமே சுமார் 800 கிலோ. எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் உள்ள பாறையில் வட்டத் துளை போட்டால் துளையின் விளிம்பில் அழுத்தம் இரட்டிக்கும் என்று ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898-லேயே கணக்கிட்டுக் காட்டினார். 800 இரட்டித்தால் 1,600. உள்பக்கம் பிடிமானம் பூஜ்யம், விளிம்பில் இத்தனை நெருக்கல். அதனால்தான் 2001-இல் மூடும்வரை அங்கே பாறை வெடித்துச் சிதறிக்கொண்டே இருந்தது. எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தன!

மே 11, ஞாயிறு

வேலைக்கு லீவு. வெயில் ஏறுமுன் திருமயம் கோட்டைக்குப் போனேன். எல்லோரும் மதிலைப் பார்க்கிறார்கள், நான் குனிந்து பாறையைப் பார்த்தேன். சரிவில் பாறை வெங்காயத் தோல் போல ஏடு ஏடாக, மலையின் வளைவையே பின்பற்றிப் பிரிந்திருக்கிறது. மேலே கிடந்த மண்ணும் கல்லும் யுகயுகமாகக் கரைந்து போனதில் பாரம் குறைந்தது. ஆனால் அது மட்டும் போதாது. பரப்பை ஒட்டிப் பக்கவாட்டு நெருக்கல் மிச்சமிருக்க வேண்டும், பரப்பும் குவிந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஏடு வெளிப்பக்கம் தள்ளப்பட்டுப் பிரியும்.

மே 17, சனி

தளர்ந்த கல்லையெல்லாம் மேலிருந்து கீழாகத் தட்டி இறக்கினார்கள். மேற்குச் சுவரில் வெடிப்புக்குக் குறுக்காகத் துளை போட்டு, நாலு முறுக்குக் கம்பிகளைச் சிமெண்ட் கலவையில் இறுக்கி, கலவை காயும்வரை காத்திருந்தோம். பிறகுதான் ஆள் இறங்கினார்கள். அதுவும் ஒரு நாளைக்கு ஒரு அடிதான்.

நேற்று 39 அடியில் அந்த வெடிப்பிலிருந்தே தண்ணீர் வந்தது. வெடிப்பின் இடைவெளி இரட்டித்தால் அதன் வழியே ஓடும் நீர் எட்டு மடங்காகும். எந்தத் தளர்வுக்குப் பயந்தோமோ அதே தளர்வில்தான் ஊற்று. இன்று காலை முழங்கால் அளவு நின்றது. அத்தை வாளியை இறக்கி முதல் தண்ணீரை மேஸ்திரிக்குக் கொடுத்தார். நான் வெடிப்பின் மேல்பகுதியில் புதுக் கண்ணாடி ஒட்டி, தேதி எழுதிவிட்டு ஏறினேன். மழைக்காலத்தில் வெடிப்புக்குள் நீர் நிறைந்து தள்ளும்; அப்போது மறுபடி வந்து பார்க்க வேண்டும்.