கையில் போட்ட கோலத்தின் ஆறு வாரங்கள்

அப்பத்தாவின் முன்கையில் ஒரு புள்ளிக்கோலம் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே பச்சை குத்திக்கொண்டதாம். அதே கோலத்தைச் சென்ற மாசியில் சென்னையில் நானும் குத்திக்கொண்டேன். வலிக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதன்பின் அது போடப்போகும் வேஷங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதல் நாள் கன்னங்கரேலென்று, அச்சடித்தது போல இருந்தது. சுற்றிலும் தோல் சிவந்து, கோடுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. மறுநாள் விடிந்து பார்த்தால் தலையணை உறையில் பாதிக் கோலம்! மை ஒழுகியே தீர்ந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். கசிந்தது நிணநீரும் மேலே தங்கிய மையும்தான். ஊசி மையை இறக்கியிருப்பது மேல்தோலுக்கு அடியிலுள்ள அடித்தோலில். அது அவ்வளவு எளிதில் வெளியே வராது.

ஐந்தாம் நாள் தோல் உரியத் தொடங்கியது. வெங்காயச் சருகு போன்ற மெல்லிய செதில்கள்; ஒவ்வொன்றிலும் கறுப்பு. உதிர்வது ஊசி பட்டுக் காயமான மேல்தோல் என்று தெரிந்திருந்தும், கோலமே உதிர்வது போலத்தான் இருந்தது. கூடவே அரிப்பு. சொறியாமல் மேலே தட்டிக்கொடுக்கச் சொல்லியிருந்தார் குத்திவிட்டவர். தட்டித் தட்டி அலுத்து, ஒருநாள் பஸ்ஸில் வரும்போது ஓரத்துப் புள்ளி ஒன்றின் மேலிருந்த செதிலை நகத்தால் கிள்ளிவிட்டேன். அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கடுகளவு ரத்தம் எட்டிப் பார்த்தது.

"மஞ்சளை அரைத்துப் பூசு" என்றார் அப்பத்தா தொலைபேசியில். நான் மென்மையான சோப்பு, வாசனை சேர்க்காத லோஷன் என்று அதோடு நிறுத்திக்கொண்டேன்.

உண்மையில் என்னைக் கலங்கடித்தது மூன்றாம் வாரம். செதிலெல்லாம் போய்விட்டது, சிவப்பும் இல்லை. ஆனால் கோலத்தின் மேல் பால் ஆடை படிந்தது போல ஒரு மங்கல். தோல் வேறு அசட்டுப் பளபளப்புடன் மினுங்கியது. மட்டமான மையைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்றே முடிவுகட்டி, படம் எடுத்து அனுப்பினேன். "புதுத்தோல் இன்னும் முதிரவில்லை. அதன் வழியாகப் பார்ப்பதால்தான் மங்கல். ஆறு வாரம் முடிந்ததும் பேசுவோம்" என்று பதில் வந்தது. மனத்துக்குள் திட்டிக்கொண்டே காத்திருந்தேன்.

மங்கல் எந்த நாளில் விலகியது என்று சொல்லத் தெரியவில்லை. ஆறாம் வாரம் கோடுகள் தெளிவாக இருந்தன. முதல் நாளின் கன்னங்கறுப்பு திரும்பவில்லை. அதைவிடச் சற்றுத் தணிந்த, தோலோடு தோலான கறுப்பு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஊருக்குப் போனபோது இருவர் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவருடைய கோடுகள் காலப்போக்கில் பரவித் தடித்து, பச்சை கலந்த நீலமாகியிருந்தன. அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கையை வெளிச்சத்தில் திருப்பினார். வாசலில் அறுபது வருஷம் கோலம் போட்ட கண்.

"ஓரத்தில் ஒரு புள்ளி வெளுத்திருக்கிறதே, ஏண்டி?"

அந்த ஒரு புள்ளிக்காக அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஊசிக்குக் கை நீட்டப் போகிறேன்.