இன்றைய கட்டுப்பாட்டு அளவீடு எங்கே?

நாங்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மனித நொதியம் உலர்பனிக்கட்டி நிரப்பிய பெரிய ரெஜிபோம் பெட்டியில் கண்டிக்கு வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால், விரல்நுனி அளவுள்ள குப்பியொன்றின் அடியில் ஒரேயொரு துளிதான் இருந்தது. அதில் 50 மைக்ரோகிராம் டைஹைட்ரோபோலேற் றிடக்டேஸ், அதாவது டி.எச்.எப்.ஆர்., இருந்தது. மனிதப் பரம்பரை அலகை ஈ. கோலை பற்றீரியாவினுள் செலுத்தி, அது உண்டாக்கிய புரதத்தைப் பிரித்தெடுத்துத் தயாரிப்பார்கள். கலம் பிரிவதற்கு டி.என்.ஏ.யை உருவாக்கத் தேவையான போலேற் என்னும் விற்றமினை இந்நொதியமே புதுப்பித்துக் கொடுக்கிறது. அதனாலேயே மெதொட்ரெக்சேற் என்னும் புற்றுநோய் மருந்து இதனைக் குறிவைக்கிறது. 1948இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி பார்பர் சிறுவர் இரத்தப் புற்றுநோயில் தற்காலிகத் தணிவு கண்டு அறிவித்த அமினோப்தெரினும் இதே நொதியத்தைத்தான் அடக்குகிறது.

பச்சைத் தேயிலையின் இ.ஜி.சி.ஜி. என்னும் பொலிபீனோல் இந்நொதியத்தை அடக்குவதாக ஏற்கெனவே ஆய்வுகள் வெளிவந்திருந்ததால், ஹற்றனில் அம்மா பறித்த கொழுந்தை வாடவிடாமல் ஆவியில் வேகவைத்து, அதன் சாற்றைப் பரிசோதிக்க எண்ணினேன். நொதியம் வேலை செய்யும்போது அதற்குத் துணையாகும் என்.ஏ.டி.பி.எச். என்னும் மூலக்கூறு செலவாவதால், அது உறிஞ்சும் 340 நனோமீற்றர் அலைநீள ஒளியின் அகத்துறிஞ்சல் குறைந்துகொண்டே போகும்; அந்த வீழ்ச்சியின் வேகமே நமக்குரிய அளவீடு.

முதல் நாள் நிரோதி, அதாவது நொதியத்தை அடக்கும் பொருள், எதுவுமின்றி நிமிடத்துக்கு 0.05 வீதம் இறங்கியது. மூன்றாம் வாரம் தேயிலைச் சாற்றுடன் 0.01தான் இறங்கியது. ஐந்தில் நான்கு பங்கு அடங்கிவிட்டதென்று துள்ளினேன். மிஸ் ஏட்டைப் புரட்டிவிட்டு, “இன்றைய கட்டுப்பாட்டு அளவீடு எங்கே?” என்று மட்டும் கேட்டார். சாறில்லாமல் செய்து பார்த்தபோதும் 0.01தான் வந்தது. ஒரே குப்பியை ஒவ்வொரு தடவையும் உருக்கி மீண்டும் உறையவைத்து, நொதியத்தை நானே கொன்றிருந்தேன். தேயிலைக்கு அதில் பங்கேயில்லை.

இரண்டாவது குப்பிக்கு இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்தது. இம்முறை திறக்குமுன் சுழற்றித் துளியை அடிக்கு இறக்கி, பனிக்கட்டியின் மேல் வைத்தே 5 மைக்ரோலீற்றர் வீதம் தனித்தனிக் குழாய்களில் பிரித்து, மறை 80 பாகையில் வைத்தேன். ஒரு தடவை உருக்கிய குழாயை மறுபடி உறையவைப்பதில்லை. முதலில் மெதொட்ரெக்சேற்றைச் சேர்த்தேன். அகத்துறிஞ்சல் இறங்குவது நின்று, கோடு கிடையாகப் படுத்துவிட்டது. அதன் பின்னரே கொழுந்துச் சாற்றைத் தொட்டேன். சாறும் 340இல் உறிஞ்சுவதால், நொதியமில்லாத வெற்றுக் கலவையின் அளவீட்டைக் கழிக்கவும் வேண்டியிருந்தது.

சாறு நொதியத்தை அடக்கத்தான் செய்தது. ஆனால் டிரைட்டன் எக்ஸ்-100 என்னும் சவர்க்காரம் போன்ற பொருளைச் சிறிதளவு சேர்த்ததும், அவ்வடக்கலில் பெரும்பகுதி மறைந்தது. பொலிபீனோல்கள் பல புரதங்களின் மேலும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை; மறைந்தது அத்தகைய ஒட்டலால் வந்த அடக்கலாக இருக்கலாம். ஆகவே எஞ்சியிருந்த சிறு பகுதியை மட்டுமே அறிக்கையில் எழுதினேன். “தேத்தண்ணி குடிச்சா அந்த வருத்தம் மாறுமா?” என்று கேட்ட அம்மாவிடம், குழாயில் நடப்பது உடலில் நடப்பதாகாது என்றேன். அவருக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. இப்போது நான்கு குழாய்கள் மீதமுள்ளன. அவற்றைத் தூய இ.ஜி.சி.ஜி.க்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன்.