62 நாளில் தீர்ந்த பேட்டரி

நான் இசிஇ படித்தவன். நான்கு வருடமும் லேபில் பிரெட்போர்டில் வயர் சொருகியே ஓட்டிவிட்டேன். சால்டரிங் அயர்னைப் பிடித்தது மொத்தம் நாலைந்து முறை இருக்கும். ஆப்-ஆம்ப் பேப்பரில் வாங்கிய மதிப்பெண்ணை நம்பித்தான் என் எலெக்ட்ரிக் கிடாரின் பின்மூடியைத் திறந்தேன். கம்பியின் அதிர்வை சிக்னலாக மாற்றும் பிக்கப்புகளில், பேட்டரி தேவைப்படாத பழைய பாசிவ் வகையைக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் கிடைத்த இஎம்ஜி 81, 85 என்ற பேட்டரியில் ஓடும் பிக்கப்புகள் இரண்டையும் போடுவது திட்டம். இப்போது வருபவற்றில் கனெக்டரைச் சொருகினால் வேலை முடிந்தது. என்னிடம் வந்தது அதற்கு முந்தைய செட். எல்லாமே ஈயம் வைத்துத்தான் ஆக வேண்டும்.

உங்களுக்கும் அப்படி ஒன்று அமைந்தால், முதல் மூன்று நாள் கிடாரைத் தொடவே வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் மலிவான பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) நாலைந்து வாங்கி, அதன் முதுகில் வயர் ஒட்டிப் பழகுங்கள். கஷ்டமான இடம் அதுதான். பாட்டின் தகரக் கூடு சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். 25 வாட் அயர்ன், ஊசி முனை வைத்துக்கொண்டு நான் போராடியபோது ஈயம் கடுகு போல உருண்டு நின்றது. வயரை லேசாக இழுத்ததும் உதிர்ந்தது. கல் காயாமல் மாவு ஊற்றினால் தோசை எப்படி வரும்? முதுகை உப்புத்தாளால் தேய்த்தேன், தட்டை முனையுள்ள 40 வாட் அயர்னுக்கு மாறினேன். ஈயத்தை முனையில் தொடாமல், காய்ந்த தகரத்தில் தொட்டேன். எண்ணெய் மாதிரி பரவியது. ஐந்து விநாடியில் பிடிக்கவில்லையா, விட்டுவிட்டு ஆறவிடுங்கள். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெட்டுவிடும். ரோசின் உள்ள 60/40 ஈயம் போதும். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள்.

சர்க்யூட் சின்னதுதான். ஒவ்வொரு பிக்கப்பிலும் மூன்று வயர்: வெள்ளை சிக்னல், சிவப்பு 9 வோல்ட், பின்னல் கிரவுண்ட். இரண்டு சிவப்பும் பேட்டரியின் சிவப்போடு சேரும், எந்த பாட்டுக்கும் போகாது. பழைய 500 கிலோ ஓம் பாட்டையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். பிக்கப்புக்குள்ளேயே ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சின்ன சர்க்யூட்) இருப்பதால் 25 கிலோ ஓம்தான் அதற்குப் பொருந்தும். 500 போட்டால் வால்யூம் குமிழ் சுவிட்ச் மாதிரி திடீரென்று ஏறும், இறங்கும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து வரும் கிரவுண்ட் வயரையும் இணைக்கத் தேவையில்லை, முனையை இன்சுலேட் செய்து ஓரமாக விடுங்கள். எர்த் சரியில்லாத ஆம்ப்பில் வாசிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, கிடார் கம்பி வழியாக ஷாக் அடிக்கும் வாய்ப்பு அதனால் குறையும்.

நான் கோட்டை விட்டது, கேபிளைச் சொருகும் ஜாக்கில். ஸ்டீரியோ ஜாக்கில் டிப், ரிங், ஸ்லீவ் என்று மூன்று தொடர்புகள்; ஸ்லீவ்தான் கிரவுண்ட். ஸ்டீரியோ ஜாக் எதற்கு என்று யோசிக்காமலே, பேட்டரியின் கறுப்பை மற்ற கிரவுண்டோடு சேர்த்து ஸ்லீவில் வைத்துவிட்டேன். சத்தம் அருமையாக வந்தது. நண்பர்களைக் கூப்பிட்டுப் பெருமையாக வாசித்தும் காட்டினேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் ஒலி கரகரத்து, அப்புறம் அடங்கிப் போனது. பேட்டரி காலி. ஒரு 81க்கு நிறுவனம் சொல்லும் பேட்டரி ஆயுள் சுமார் 3000 மணி நேரம். இரண்டு பிக்கப் என்றால் பாதி. 1500 மணி நேரத்தை 24ஆல் வகுத்துப் பார்த்தேன், 62 நாள். நான் தூங்கும்போதும் என் கிடார் தூங்கவில்லை.

கறுப்பு போக வேண்டிய இடம் ரிங். மோனோ பிளக்கைச் சொருகினால் அதன் உலோக உடல் ரிங்கையும் ஸ்லீவையும் சேர்க்கும், சர்க்யூட் முழுமையாகும், உருவினால் அறுந்துவிடும். எந்தக் கால் ரிங் என்று படத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள், ஜாக்குக்கு ஜாக் மாறும். பிளக்கைச் சொருகி, மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்தால் இரண்டு கால்கள் ஒன்றோடொன்று கத்தும். பிளக்கை உருவியதும் ஜாக்கின் உடலோடு கத்துவது ஸ்லீவ், மற்றது ரிங்.

இரண்டாவது முறை சால்டர் செய்தபோது, சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் டியூபை வயரில் முதலில் மாட்ட மறந்து ஒரு இணைப்பைப் பிரித்தேன். அது எல்லோருக்கும் நடப்பதுதான். முடித்ததும் பேட்டரியின் ஒரு முனையை மட்டும் கிளிப்பில் தொட வைத்து, மறுமுனைக்கும் கிளிப்புக்கும் நடுவில் மீட்டரை 2000 மைக்ரோ ஆம்ப்பில் வைத்தேன். பிளக் உள்ளே: 160க்குப் பக்கத்தில். பிளக் வெளியே: 0. அப்புறம்தான் பின்மூடியின் ஸ்க்ரூவை முறுக்கினேன்.