கைதட்டலுக்கு நடுவே சொல்லும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலில் நடந்த ஒரு கச்சேரியில், எனக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தந்தையும் அவருடைய ஏழெட்டு வயது மகளும் என் ஒரு சொல்லால் எழுந்து போனார்கள். பாடகி முகாரி ராகத்தை விரித்து முடித்து, ‘என்றைக்குச் சிவகிருபை வருமோ’ என்று பல்லவியை எடுத்த நேரம் அது. பின்னாலிருந்து கிசுகிசுப்புக் குரல் வந்துகொண்டே இருந்தது. நான் திரும்பி, “சார், பேசணும்னா வெளியே போய்ப் பேசுங்க” என்றேன். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முன் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர்கள் கதவைத் தாண்டிய பிறகுதான், காதில் விழுந்தும் மனத்தில் ஏறாமல் கிடந்த அவருடைய சொற்கள் எனக்கு விளங்கின: “இந்தப் பாட்டு எழுதினவரு நம்ம வடிவீஸ்வரத்துல பிறந்தவரு மக்களே.”

அவர் சொன்னது உண்மை. 1839இல் பிறந்து 1900இல் மறைந்த நீலகண்ட சிவன் வடிவீஸ்வரத்தில் பிறந்தவர், பத்மநாபபுரத்தில் வாழ்ந்தவர். சென்னையில் மார்கழி தோறும் பாடப்படும் ஒரு பாட்டு, தான் பள்ளிக்கு நடந்து போகிற தெருக்களுக்கு அருகில் பிறந்த ஒருவரிடமிருந்து வந்தது என்பதை அந்தப் பெண் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருக்கக்கூடும். அந்தச் செய்தியை அவள் முழுதாக வாங்கிக்கொள்ளும் முன் நான் அவர்களை வெளியே அனுப்பிவிட்டேன். அதன் பிறகு பாடப்பட்ட எதுவும் எனக்கு நினைவில்லை; காலியாகிவிட்ட இரண்டு நாற்காலிகள்தான் நினைவில் இருக்கின்றன.

அன்றைய கோபம் அவர்கள்மேல் எழுந்த கோபம் அன்று என்பதைப் பிறகு எண்ணிப் பார்த்து உணர்ந்தேன். கச்சேரி தொடங்கியதிலிருந்தே, முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனிதர் கைப்பேசியில் மூன்று முறை பேசினார். அதில் ஒருமுறை உரக்கச் சிரித்தார். பொன்னாடை போர்த்துவதற்காக மேடைக்கு அழைக்கப்பட்டவர் அவர் என்பதால் நான் உட்பட ஒருவரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு மணி நேரமாகச் சேர்ந்த எரிச்சலை, எதிர்த்துப் பேசமாட்டார் என்று தோற்றத்திலேயே தெரிந்த ஒருவர்மேல் இறக்கி வைத்தேன். அரங்குகளில் கண்டிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதிக ஓசை எழுப்புகிறவர்களாக இருப்பதில்லை. கண்டிப்பதற்கு எளியவர்களாகவே இருக்கிறார்கள். அன்று முதல் பிறரைத் திருத்த எண்ணும்போதெல்லாம், இதே சொல்லை முன்வரிசைக்காரரிடமும் சொல்வேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் நான் ஓசைக்கு நடுவில் வளர்ந்தவன். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். மணிகள் கட்டிய நீண்ட வில்லை முன்னால் கிடத்தி, வீசுகோலால் நாணை அடித்தபடி புலவர் கதை சொல்ல, குடமும் உடுக்கையும் தாளமும் சேர்ந்துகொள்ளும். கேட்க வந்தவர்கள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். கடலை வாங்கப் போவார்கள். வந்த இடத்தில் உறவினரைக் கண்டால் கல்யாணப் பேச்சே நடத்துவார்கள். முத்தாரம்மன் பிறப்பு வரும்போது, அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஒருசேரக் குரவையிடுவார்கள். யாரும் யாரையும் ‘உஷ்’ என்று அடக்கியதை நான் கண்டதில்லை. கதை எல்லாருக்கும் தெரிந்தது. உடுக்கையும் குடமும் ஊர்ப்பேச்சை மீறி ஒலிக்கவே செய்யப்பட்டவை. தூங்கிப்போனவரைப் பாட்டுக்குள்ளேயே விளித்து எழுப்பும் உரிமை புலவருக்கு உண்டு. அந்தப் பந்தலில் பேசுகிறவரும் பாட்டுக்கு உள்ளேதான் இருக்கிறார்.

கச்சேரி அப்படிப்பட்டதன்று. ஆலாபனைக்குச் சொல் இல்லை, தாளமும் இல்லை; தம்புராவின் சுருதிமேல் ஒரு குரல் மட்டும் நடந்து போகிறது. பாடகர் ஒரு சுரத்தில் கார்வை கொடுத்து நிற்கும்போது அடுத்த பிடி எங்கே போகும் என்று கேட்பவரும் மூச்சை அடக்கிக் காத்திருக்கிறார். அந்த நொடியில் யாராவது மிட்டாய்த் தாளைப் பிரித்தால், வில்லுப்பாட்டுப் பந்தலில் யார் காதிலும் விழாத அந்தச் சரசரப்பு, இங்கே வயலினைவிட உரக்கக் கேட்கிறது. ஆகையால் பேச்சு தவறா சரியா என்பதை அந்தந்தக் கலையே முடிவு செய்கிறது என்று எண்ணுகிறேன். கொடைப் பந்தலின் பழக்கத்தோடு அரங்குக்குள் வருகிறவரிடம் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இங்குள்ள வழக்கத்தை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவே.

சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கும் ஓர் இடத்தை நான் கண்டிருக்கிறேன். நவராத்திரி தோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை அம்மனும் நம் குமரி மாவட்டத்திலிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கிறார்கள். அந்தச் சரசுவதியின் முன்னிலையில், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகள் கச்சேரி நடக்கிறது. சுவாதித் திருநாள் (1813–1846) இயற்றிய ஒன்பது கிருதிகளுக்கு நாளுக்கு ஒன்றாக ராகம் விதிக்கப்பட்டிருக்கிறது: முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, இறுதியாக ஆரபி. நூற்றாண்டுக்கும் மேலாக ஆண்களே பாடிவந்த அந்த மேடையில் 2006இல்தான் முதன்முதலாக ஒரு பெண், பாறசாலை பொன்னம்மாள், பாடினார். பாட்டு வழிபாடாகவே கருதப்படுவதால் அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை.

நான் போனது ஐந்தாம் நாள். துலா மழைக்கு வானம் கட்டிக்கொண்டிருந்த மாலை; நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போய், வேட்டியை இறுக்கிக் கட்டி, மேலாடையின்றி மற்றவர்களோடு அமர்ந்தேன். ‘த’ என்னும் தைவத சுரம் ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றுமாக அசையும் அந்தப் பைரவியை அதற்கு முன்பும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று கிருதி முடிந்ததும் என் கைகள் பழக்கத்தால் தாமாக எழுந்து, சுற்றிலும் ஒருவரும் அசையாததைக் கண்டு பாதியில் நின்றன. வயலின்காரர் தந்தியைத் தொட்டுச் சுருதி பார்க்கும் வரை பைரவியின் கடைசிப் பிடி அந்த விளக்கு வெளிச்சத்திலேயே நின்றது. நாம் கைதட்டி மகிழ்ச்சியைத் தெரிவிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதே கைகளால் ராகத்தை அறையைவிட்டுத் துரத்தவும் செய்கிறோம் என்பது அந்த மண்டபத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த அமைதியை நம் ஊர் அரங்குகளில் எதிர்பார்த்து, சில காலம் நான் மிகவும் துன்பப்பட்டேன். மண்டபத்துக்கு வருகிறவர் வழிபாட்டுக்கு என்று எண்ணியே வருகிறார். நம் அரங்குக்கு வருகிறவரோ வேலை முடிந்து, பேருந்து பிடித்து, குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு, பாதி மனம் வீட்டில் இருக்க வருகிறார். இவரிடம் கடுமை காட்டிப் பயனில்லை என்று முடிவு செய்தபின் சில வழிகளைப் பழகிக்கொண்டேன். அவற்றுள் எனக்கு மிகவும் உதவியது, எதைச் சொல்வதானாலும் கைதட்டல் எழும் நேரத்தில் சொல்வது. பாட்டுக்கு நடுவே திரும்பி ஒருவரை அடக்கினால், அந்த அடக்கும் ஒலியே இன்னொரு தொல்லையாகிறது. மேலும், சுற்றியுள்ள பத்துப் பேர் பார்க்க அவர் கூனிக் குறுகுகிறார். கைதட்டலின் போது குனிந்து சொன்னால் அது அவர் காதில் மட்டும் விழும். “அக்கா, போன் வெளிச்சம் கண்ணுல அடிக்குது, கொஞ்சம் தாழ்த்திப் பிடிச்சுக்கிடுங்க” என்று அப்படிச் சொன்னபோது முகம் சுளித்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. சிலர் கைப்பேசியைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

தாளம் போடுகிறவர்கள் வேறு வகை. தொடையில் மெல்லத் தட்டி எண்ணுவது கேட்பவரின் உரிமை, நானும் செய்கிறேன். ஆனால் ஒன்றோடொன்று கோத்துப் போட்ட நாற்காலிகளில், ஒருவர் கைப்பிடியில் அடிக்கும் அடி வரிசை முழுதும் அதிர்கிறது. ஒருமுறை எழுபது வயதைக் கடந்த ஒருவர் அப்படி அடித்துக்கொண்டிருந்தார். அவர் தாளம் ஓரிடத்திலும் பிசகவில்லை. பாடகரே அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு பாட்டுகள் வரை தயங்கி, “அண்ணாச்சி, நாற்காலி சேர்ந்து கிடக்கதுனால எனக்கும் அதிருது” என்றேன். அவர் சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டு, தாம் சிறுவயதில் மிருதங்கம் படித்ததாகவும் பாதியில் விட்டுவிட்டதாகவும் சொன்னார். அதன்பின் அவர் விரல் மடக்கி எண்ணுவதைப் பார்த்தே நான் பல்லவியின் எடுப்பை, அது தாளத்தில் தொடங்கும் இடத்தை, பிடித்துக்கொண்டேன்.

என்னால் இன்றும் அமைதியாகத் தாங்கிக்கொள்ள முடியாதது, தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின் போது எழுந்து போகும் வழக்கம். இரண்டு மணி நேரமாகப் பிறருக்காக வாசித்த மிருதங்கக்காரருக்கும் கடக்காரருக்கும் அந்த மாலையில் சொந்தமாகக் கிடைப்பது அந்தப் பதினைந்து நிமிடங்கள்தான். அவர்கள் மாறி மாறி வாசித்து, ஒவ்வொரு சுற்றிலும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, பிறகு சேர்ந்து மோரா, கோர்வை என்னும் முடிப்புகளை வைத்து, பாட்டு விட்ட அதே எடுப்பில் பிசகாமல் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அந்தக் கணக்குத் தெரியாவிட்டாலும், சுற்றுகள் சிறுத்து நெருங்கி வருவதை யார் காதும் உணரும். ஆனால் மிருதங்கக்காரர் முதல் சொல்லை வாசித்ததும் சாயாவுக்கு அரைவாசி அரங்கு எழுந்துவிடுகிறது. மேடையில் இருப்பவர் முகத்துக்கு நேராக முதுகுகள் நகர்கின்றன. இதற்குக் கேட்பவர்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. தொடக்கத்தில் இருபது நிமிடம் பொன்னாடைக்கும் வரவேற்புரைக்கும் ஒதுக்குகிற அமைப்பாளர்கள், ‘தனி முடிந்தபின் இடைவேளை விடுவோம்’ என்று ஒரு வரி சொன்னால் பலர் அமர்ந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

கோயில் திருவிழாக்களிலும் தேவாலயத் திருவிழாக்களிலும் நடக்கும் கானமேளா என்னும் மெல்லிசைக் கச்சேரிக்கும் போகிறேன். அங்கே சீட்டியும் கூச்சலும் நிகழ்ச்சிக்கே சேர்ந்தவை; குட்டையானவர்களும் குழந்தைகளும் பார்க்க முடியாதபடி கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கி நிற்பவர்களிடம் மட்டும் குழந்தையைக் காட்டிக் கேட்டால் போதும், வழி விடுவார்கள்.

அந்தத் தந்தையையும் மகளையும் அதன்பின் ஒவ்வொரு கச்சேரியிலும் தேடியிருக்கிறேன். அவள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் வயதில் இருப்பாள். பார்த்தால் என்ன சொல்வேன் என்பதை யோசித்து வைத்திருந்தும், பார்க்க வாய்க்கவில்லை.

கடந்த மார்கழியில் ஒரு கோயில் மண்டபத்துக் கச்சேரியில், தனி நடந்துகொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் இருந்த ஒரு சிறுவன், “ஏம்மா ரெண்டு பேரு மட்டும் அடிக்காங்க?” என்று உரக்கக் கேட்டான். அவன் தாய் பதறிப்போய் வாயைப் பொத்தினார். நான் திரும்பி அவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு முன்னே திரும்பிக்கொண்டேன். கோர்வை முடிந்து கைதட்டல் எழுந்ததும் அவன் பக்கம் சாய்ந்து, அவர்கள் முதலில் பெரிய துண்டாகப் பேசி, பிறகு அதில் பாதி, பிறகு அதில் பாதி என்று குறைத்துக்கொண்டே வந்தார்கள் என்று சொன்னேன். எவ்வளவு நேரம் இதைப் படிக்க வேண்டும் என்று அவன் கேட்பதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. நான் உதட்டில் விரல் வைத்தேன், அவனும் வைத்தான். மங்களம் முடிந்து செருப்புத் தேடும் இடத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, தன் முழங்காலில் தட்டி எண்ணிக் காட்டினான்: பதினாறு, எட்டு, நாலு, ரெண்டு.